புத்தருக்கும் முதுகுவலி இருந்தது

புத்தருக்கும் முதுகுவலி இருந்தது. பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்களிலேயே இருக்கும் செய்தி இது. கபிலவஸ்துவில் சாக்கியர்கள் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் இரவு வெகுநேரம் பேசிவிட்டு, சீடர் ஆனந்தரிடம், மீதியை நீ சொல், எனக்கு முதுகு வலிக்கிறது, கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன் என்று படுத்துவிடுகிறார். பாவா நகரத்தில் மல்லர்களின் மண்டபத்திலும் அதேதான்; அங்கே பேச்சைத் தொடர்ந்தவர் இன்னொரு சீடர் சாரிபுத்தர். எண்பது வயதில், வார் போட்டுக் கட்டி ஓட்டும் பழைய வண்டி மாதிரி இந்த உடம்பு ஓடுகிறது என்று ஆனந்தரிடம் சொல்கிறார். துன்பத்தை வென்றவர் என்று உலகமே கும்பிடும் மனிதர் வலி தாங்காமல் படுக்கிறார் என்றால், அவர் வென்றது எதை?

எனக்கு இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டியவன் நான். சிறு விவசாயிகள் இலையை மூட்டை கட்டி ரோட்டோரம் வைத்திருப்பார்கள். டிரைவர் என்பது பேருக்குத்தான். ஏற்றுவது, இறக்குவது, தராசில் தூக்கி மாட்டுவது எல்லாம் நம் தலையில்தான். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை கொட்டும். நனைந்த இலை மூட்டையைக் குனிந்து தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பி வண்டியில் எறிந்தே வருஷங்கள் போயின. ஒருநாள் இடது காலால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஸ்கேன் எடுத்ததில், கீழ் முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள்.

‘ஆசையே துன்பத்திற்குக் காரணம்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போது ஞாபகம் வந்து எரிச்சல்தான் மூட்டியது. எனக்கு என்ன ஆசை? நிமிர்ந்து நிற்க ஆசை. குளித்துவிட்டு யாரையும் கூப்பிடாமல் பேண்ட் போட ஆசை. இதையும் விட்டுவிடு என்றால் அந்தப் போதனை எனக்கு எதற்கு?

அம்மாதான் வேறு மாதிரிப் பேசினாள். அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணிவைத்த 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். வைகாசிப் பௌர்ணமி வந்தால் அங்கே வெசாக் கூடு என்ற காகித விளக்கு கட்டுவதையும், தன்சல் என்ற அன்னதானப் பந்தலில் சிங்களவர், தமிழர் என்று பார்க்காமல் சாப்பாடு போட்டதையும் இன்றைக்கும் சொல்லுவாள். நான் முனகிக்கொண்டு கிடந்தபோது, “புத்த சாமி நோவு வராதுன்னு எங்கடா சொன்னாரு? நோவு வரும்னுதானே முதல்ல சொன்னாரு” என்றாள். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் துன்பம் பற்றிப் புத்தர் சொன்ன நான்கு வாய்மைகளில் முதலாவது அதுதான்.

வேலையில்லாமல் கிடந்த காலத்தில் நூலகத்திலிருந்து உரையோடு கூடிய மணிமேகலையை எடுத்து வந்தேன். தமிழில் முழுமையாகக் கிடைக்கும் பௌத்தக் காப்பியம் இது ஒன்றுதான். கடைசிக் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்குத் துன்பம் எப்படி உண்டாகிறது என்று படிப்படியாகச் சொல்கிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று பன்னிரண்டு. ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும். ஒன்று நின்றால் அடுத்தது நிற்கும். முதல் வாசிப்பில் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. இப்போதும் பிறவி பற்றிய பகுதியில் நான் தலையிடுவதில்லை. ஆனால் நடுவில் இருக்கும் நான்கு சொற்கள் என் இடுப்பைப் பற்றியே எழுதியது போல இருந்தன: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று.

நரம்பு அழுத்தப்படுவது ஊறு. அது வலியாகத் தெரிவது நுகர்வு. இந்த இரண்டிலும் என் கையில் ஒன்றுமில்லை. ‘இது இருக்கக் கூடாது’ என்று உள்ளே எழும் தவிப்பு வேட்கை. அந்தத் தவிப்பைப் பிடித்துக்கொண்டு, என் வாழ்க்கை போச்சு, நான் உதவாதவன், இனி இப்படித்தான் என்று கதை கட்டுவது பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் ஒரு சிறு இடம் இருக்கிறது. உள்ளே கை வைக்க முடிகிற இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

சொல்வது சுலபம். செய்யும்போது எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே, புரண்டு படுக்கும்போது வலி வரும். பிட்டத்தில் தொடங்கித் தொடையின் வெளிப்புறமாக இறங்கி, கட்டைவிரல் வரைக்கும் ஒரு சூடான கம்பி ஓடும். முன்பெல்லாம் அந்த நிமிஷமே மனசு நாளைக்கு ஓடிவிடும்: வண்டித் தவணை, பெண்ணின் பள்ளிக் கட்டணம், ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ, அதற்குப் பணம். கால்மணி நேரத்தில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் ஒரு பழக்கம் பிடித்தேன். வலி வந்ததும் முதலில் தாடையைப் பார்ப்பது. பல்லைக் கடித்திருப்பேன். மூச்சைப் பிடித்திருப்பேன். வலது கை கம்பளியை இறுக்கிக்கொண்டிருக்கும். வலி இருப்பது இடது காலில், இறுகிக் கிடப்பது தாடையும் கையும். ‘வேண்டாம், வேண்டாம்’ என்ற தவிப்பு உடம்பில் குடியிருக்கும் இடம் அது. காலை ஒன்றும் செய்ய முடியாது, தாடையைத் தளர்த்தலாம். விரல்களை விடலாம். மூச்சை முழுதாக வெளியே விடலாம். அதற்கப்புறம் கம்பி ஓடும் இடத்தைக் கவனித்தால், அது ஒரே மாதிரி இருப்பதில்லை. எரியும், ஊசி குத்தும், எறும்பு ஊரும், நடுவில் ஒரு விநாடி ஒன்றுமே இருக்காது. அந்த இடைவெளி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

வலி இதனால் குறைந்ததா? சில இரவுகளில் குறைந்தது, பல இரவுகளில் அப்படியே இருந்தது. ஆனால் கால்மணி நேர வியர்வை போனது. வலி இருக்கும்போதே தூங்கிப்போகவும் முடிந்தது. பொறுக்க முடியாத ராத்திரியில் டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அதில் வீரம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பாலி நூல்களில் இரண்டு அம்பு பற்றிய உரை ஒன்று உண்டு. இப்போது எல்லா ஊரிலும் அதைச் சொல்கிறார்கள். அம்பு பட்டவன் மேலேயே இன்னொரு அம்பும் படுகிறது. உடம்பின் வலி முதல் அம்பு, அதன்மேல் மனசு போடும் ஓலம் இரண்டாவது. சரி. ஆனால் அதே உரையில் அடுத்து வரும் வரியை யாரும் சொல்லக் காணோம். வலி வந்தவன் இன்பத்தைத் தேடி ஓடுகிறான், ஏனென்றால் வலியிலிருந்து வெளியே வர அவனுக்கு வேறு வழி தெரியாது என்று அங்கே இருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு, உடம்பு வலிக்கு என்று ஒரு குவார்ட்டர். யாரும் அதைக் குடிப்பழக்கம் என்று சொல்வதில்லை, மருந்து என்றுதான் சொல்வோம். எனக்குக் குடி இல்லை, போன் இருந்தது. படுத்தபடி மணிக்கணக்கில் வீடியோ தள்ளிக்கொண்டே இருப்பேன். கழுத்தும் சேர்ந்து வலிக்கும்.

இதில் எனக்குப் பயன்பட்டது ஒன்றுதான்: போனைத் தொடும் முன், இப்போது எதிலிருந்து ஓடுகிறேன் என்று கேட்டுக்கொள்வது. பதில் ‘காலில் வலி’ என்றால் வெந்நீர்ப் பையை வைப்பேன், இல்லையென்றால் எழுந்து வாசல்வரை நடப்பேன். பதில் ‘பயம்’ என்றால் அதற்கு வெந்நீர்ப் பை உதவாது. வீட்டுக்காரியிடம் கணக்கு நோட்டை எடுத்துவரச் சொல்லி உட்கார்ந்து பார்ப்போம். தவணை எவ்வளவு, கையில் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால் பயம் ஒரு தொகையாகச் சுருங்கிவிடும். பதில் ‘சும்மா, போர் அடிக்கிறது’ என்றால் வீடியோ பார்ப்பேன். அதில் தப்பில்லை.

புத்தர் வேட்கையை மூன்றாகப் பிரிக்கிறார். புலன் இன்பத்துக்கான வேட்கை, ஏதோ ஒன்றாக ஆகவேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போகவேண்டும் என்ற வேட்கை. காம தண்ஹா, பவ தண்ஹா, விபவ தண்ஹா என்று பாலியில் பெயர். நீண்டநாள் நோயாளியைத் தின்பது பெரும்பாலும் பின்னிரண்டுதான் என்பது என் அனுபவம். ‘பழையபடி ஆகணும்’ என்பது இரண்டாவது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொன்னேன். பிசியோதெரபி சொல்லித்தந்த அம்மணி ஒருநாள், “அண்ணா, பழையபடின்னு ஒன்னு இல்லை. இன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னீங்க, அதைச் சொல்லுங்க” என்றார். அவர் பௌத்தம் படித்தவர் அல்ல. ஆனால் அதற்கப்புறம், பழைய ஆளோடு என்னை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, போன வாரத்து ஆளோடு ஒப்பிட ஆரம்பித்தேன்.

மூன்றாவது கொஞ்சம் இருட்டானது. வலி போகட்டும் என்பதில் தொடங்கி, இந்தக் கால் போனாலும் பரவாயில்லை என்று வந்து, நானே இல்லாவிட்டால் என்ன என்ற இடத்துக்கு மெல்ல நகர்ந்துவிடும். அந்த எண்ணம் ஒரு தீர்வு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும். புத்தர் அதையும் துன்பத்தின் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. இது என் குணக்கேடு அல்ல, நெடுநாள் வலியோடு கூடவே வருகிற ஒன்று என்று புரிந்தது. அப்படித் தோன்றினால் தனியாக தியானம் செய்துகொண்டு இருக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் சொன்னேன். அன்று ராத்திரி முழுக்க அவள் என் கட்டிலை விட்டு நகரவில்லை, புத்தரைப் பற்றியும் பேசவில்லை.

துன்பத்திலும் மூன்று வகை சொல்லப்படுகிறது. வலியே வலியாக இருப்பது ஒன்று. நல்லது மாறிப்போவதால் வருவது இன்னொன்று. முதுகில் ஊசி போட்ட பிறகு சில நாட்கள் வலியே தெரியவில்லை. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எப்போது திரும்பி வருமோ என்று ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தேன். வலியில்லாத நாளையும் வலி எடுத்துக்கொண்டது. மூன்றாவது வகை, சார்ந்து உண்டான எதுவும் நிலைக்காது என்பதால் எல்லாவற்றிலும் ஊடுருவி இருக்கும் குறை. அதைப் பற்றி அனுபவத்திலிருந்து பேச எனக்குத் தகுதியில்லை, விட்டுவிடுகிறேன்.

விதி, வினை என்ற பேச்சுக்கு வருகிறேன். படுக்கையில் விழுந்தால் உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இதையும் கொண்டு வருவார்கள். ஓர் அத்தை, “போன ஜென்மத்துல யாரு முதுகை ஒடிச்சியோ” என்றே கேட்டுவிட்டார். பாசத்தில் கேட்டதுதான். ஆனால் அது எவ்வளவு பாரம் என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. பௌத்தமும் இதைத்தான் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சீவகன் என்ற துறவி புத்தரிடம் நேரடியாகவே கேட்கிறான்: மனிதன் அனுபவிப்பது எல்லாம் முன்செய்த வினையால்தான் என்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. இவன் மோலிய சீவகன். புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகன் வேறு. புத்தர் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், சிலேத்துமம், வாதம், இவை கூடுவது, பருவநிலை மாறுவது, உடம்பை ஏறுமாறாக நடத்துவது, பிறர் தாக்குவது, வினையின் விளைவு. ஆக எட்டு. வினை அதில் ஒன்று, அதுவும் கடைசியில். எல்லாமே பழைய வினை என்று சொல்பவர்கள் தாமே அறிந்ததையும், உலகம் உண்மை என்று ஏற்றதையும் தாண்டிப் போகிறார்கள் என்கிறார்.

என் வழக்கு ஆறாவது. உடம்பை ஏறுமாறாக நடத்தியது. குனிந்து தூக்கித் திருப்பி எறிந்தது. ஐந்தாவதுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, பனி இறங்கினால் இடுப்பு முன்கூட்டியே சொல்லிவிடும். அத்தையிடம் இதை விளக்கப் போகவில்லை. மனசுக்குள் கணக்கு நேராகிவிட்டது, அது போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும்போது இருக்கையில் படும் உடம்புப் பகுதி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, அது கவனித்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிய வலி இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆறாவது காரணம் என்று ஆனபிறகு, இன்னொரு கேள்வி தானாக வந்தது. உடம்பை ஏறுமாறாக நடத்தியது நான் மட்டுமா? மூட்டையை அமுக்கி அமுக்கிக் கட்டியது யார், ஒரே ஆள் ஏற்றி இறக்க வேண்டும் என்று கூலியை நிர்ணயித்தது யார்? துன்பம் உன் மனசில்தான் இருக்கிறது என்று சொல்லி இந்தக் கேள்வியை மூடிவிட்டால், அந்தப் போதனை முதலாளிக்குத்தான் வசதி. பௌத்தத்தின் பேரில் இப்போது நடக்கும் வகுப்புகள் சிலவற்றில் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு.

இந்த மலையிலேயே இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் இளமையில் நீலகிரியில் வாழ்ந்தவர். 1870-களில் இங்கேதான் அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1898-இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். உ.வே.சா. மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டதும் அதே 1898-இல்தான். அயோத்திதாசருக்குப் பௌத்தம் என்பது கண்ணை மூடி உட்காருவது மட்டுமாக இருக்கவில்லை. சாதி என்ற துன்பத்துக்குக் காரணம் தேடுவதாகவும், பள்ளிக்கூடமும் பத்திரிகையும் நடத்துவதாகவும் இருந்தது. அம்பேத்கர் இன்னும் ஒரு படி மேலே போய், தம் கடைசி நூலான ‘புத்தரும் அவர் தம்மமும்’ முன்னுரையில் நான்கு வாய்மைகளையே கேள்விக்கு உட்படுத்தினார். வாழ்வும் சாவும் மறுபிறப்பும் துன்பம் என்றே முடித்துவிட்டால் மனிதனுக்கு நம்பிக்கை எங்கே என்பது அவர் கவலை. அவரோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. எனக்கு அந்த நான்கும் ஒரு வைத்தியர் பேசுவது போலத்தான் கேட்கின்றன: நோய் இது, காரணம் இது, குணமாகும், வழி இது. ஆனால் காரணத்தைத் தேடும்போது மனசோடு நின்றுவிடக் கூடாது என்ற அவர் கவலை நியாயமானது.

இப்போது நான் வண்டி ஓட்டுவதில்லை. இலை எடை போடும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். ஓட்டுபவர்களும் ஏற்றுபவர்களும் சேர்ந்து பேசி, மூட்டையில் இலையை மிதித்துத் திணிக்கக் கூடாது, கனமான மூட்டையை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும் என்று விவசாயிகளிடமும் ஏஜெண்டிடமும் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தோம். திணிக்காத இலை சூடேறிக் கெடுவதும் குறையும் என்பதால் அவர்களுக்கும் மறுக்கக் காரணம் இல்லை. மழை வரும் நாளில் அவசரத்துக்குச் சிலர் இன்னும் திணித்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த மூட்டையைத் தராசில் ஏற்றாமல் கீழேயே அவிழ்த்து இரண்டாகக் கட்டச் சொல்கிறோம். அதற்கென்று காலி சாக்குகளை மேஜைக்கடியிலேயே வைத்திருக்கிறேன்.